சாவி ஒருமுறைதான் திரும்புகிறது: நவீன கவிதையின் அந்தரமும் வெள்ளவத்தை அறைகளும்

மூன்றாம்மாடி (ஞாயிறு, இரவு 9.20)

எல்லோருக்கும் வணக்கம். நெடுநாளாக வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவன், இன்றுதான் முதல் இழை தொடங்குகிறேன்.

ஊர் மன்னார். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு வாடகை அறை. வேலை கோட்டையில், ஒரு வங்கியில். காலையில் ரயிலின் மிதிபலகையில் ஒற்றைக் காலுடன் போகிறேன், இரவு ஏழரைக்குத் திரும்பி வந்து அறைக் கதவைத் திறக்கிறேன். பூட்டு பழையது. இரண்டு சுற்றுச் சுற்றவேண்டிய சாவி ஒரு சுற்றிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போனதும் அதே சாவியால் உள்பக்கம் பூட்டுகிறேன். மறுநாள் காலைவரை நான் யாரோடும் ஒரு சொல் பேசுவதில்லை. இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. சம்பளத் துண்டைப் போல இதுவும் ஒரு விவரம்.

போன வாரம் ரி.எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ என்ற நெடுங்கவிதையை வாசித்தேன். 1922இல் வந்தது, 434 வரிகள். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் கடைசிப் பகுதியில் ஓரிடம் வருகிறது: கதவில் சாவி திரும்பும் ஓசையைக் கேட்டேன், ஒருமுறை, ஒரே ஒருமுறை, நாம் ஒவ்வொருவரும் நம் சிறையிலிருந்து அந்தச் சாவியையே நினைத்துக்கொண்டிருக்கிறோம், நினைக்க நினைக்கச் சிறை உறுதியாகிறது. இதை வாசித்தபோது கையில் என் சாவி இருந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அவரும் வங்கிக்காரர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 1917 முதல் 1925 வரை லண்டனில் லொயிட்ஸ் வங்கியில் இருந்திருக்கிறார். 1921இல் நரம்புத் தளர்ச்சி கண்டு மூன்று மாத விடுப்பு எடுத்து, முதலில் மார்கேட் கடற்கரையிலும் பிறகு சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலும் இருந்தபோதுதான் கவிதையின் பெரும்பகுதியை எழுதி முடித்திருக்கிறார். லண்டன் பாலத்தின் மேல் அலுவலகம் நோக்கிப் போகும் கூட்டத்தை அவர் செத்தவர்களின் ஊர்வலம் போலக் காட்டுகிறார். ஒவ்வொருவரின் பார்வையும் தன் காலடியில். தேவாலய மணி ஒன்பது அடிக்கிறது, ஒன்பதாவது அடி செத்த ஓசையாக விழுகிறது. வேலைக்குப் பிந்திப் போகிறவனுக்குத்தான் அந்த ஓசை தெரியும்.

என் கேள்வி இதுதான். நவீன கவிதையில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பதற்றமும் தனிமையும் நமக்குச் சொந்தமானவையா? அல்லது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்ததை நாம் இரவல் வாங்கி உடுத்திக்கொண்டிருக்கிறோமா?

பழையமணிக்கூடு (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, நல்ல கேள்வி. பதில் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1960களின் நடுவில் கொழும்புக்கு எழுதுவினைஞராக வந்தவன். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, ஆறு பேர். கட்டில் மூன்று. தனிமை என்று ஒருவன் சொல்லியிருந்தால், “அதை வைக்க இங்கே இடம் எங்கே?” என்று கேட்டிருப்போம். சென்னையிலிருந்து சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் கைமாறிக் கைமாறி வரும். அதில் சி. மணியின் ‘நரகம்’ போன்ற நகரக் கவிதைகளைப் படித்துவிட்டு எங்களுக்குள் பெரிய சண்டையே நடக்கும். முற்போக்கு அணியில் நாங்கள் சொன்னது இதுதான்: ஒரு வர்க்கம் தன் நலிவை மனித குலத்தின் நலிவு என்று பெயர் மாற்றி விற்கிறது. மார்க்சிய விமர்சகரான பேராசிரியர் கைலாசபதியின் மாணவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடம் மனப்பாடம்.

எங்களுக்கு மகாகவி இருந்தார். பாரதியைச் சொல்லவில்லை, ‘மகாகவி’ என்ற பெயரில் எழுதிய உருத்திரமூர்த்தி. அளவெட்டிக்காரர், அவரும் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர்தான். அதே கோப்பு, அதே மேசை. ஆனால் 1966இல் அவர் கொண்டுவந்த ‘குறும்பா’ என்ற குறுங்கவிதைத் தொகுப்பைப் பாருங்கள், வரிக்கு வரி சிரிப்பு. அவருடைய மேடை நாடகத்தில் வரும் பாட்டை இன்றும் பாடுகிறார்கள்:

சிறுநண்டு மணல்மீது படமொன்று கீறும்
சிலவேளை இதைவந்து கடல்கொண்டு போகும்

கடலுக்குப் போனவன் திரும்புவானா என்ற அச்சம் இதில் இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைப் பத்துப் பேர் சேர்ந்து பாடுகிறார்கள். தனியறையில் இருந்துகொண்டு, பீச் பழத்தைக் கடிக்கலாமா வேண்டாமா என்று நடுங்குவதில்லை. எலியட்டின் இன்னொரு கவிதையின் நாயகன் புரூஃப்ரொக் செய்வது அதுதானே?

வடைத்தட்டு (ஞாயிறு, இரவு 10.11)

ஐயா, பீச் பழம் இங்கே விற்கும் விலைக்கு நானும் நடுங்குவேன்.

பழையமணிக்கூடு (ஞாயிறு, இரவு 10.30)

இன்னும் ஒன்று. இந்த நடுக்கம் எல்லாம் முதலாம் உலகப் போரின் விளைவு. ஒரு கோடிக்கு மேல் மனிதரைக் கொன்ற போர், அதன் பிறகு நம்பிக்கை செத்தது, கவிதையும் உடைந்தது. வரலாற்றுக் காரணம் தெரிந்தால் மாயம் தெளியும்.

அல்லிக்குளம் (திங்கள், காலை 6.15)

ஐயாவுக்கு ஒரு சிறு திருத்தம். உயர்தர வகுப்பில் நாங்களும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம், அதனால் குற்றம் உங்களுடையது மட்டும் அல்ல. புரூஃப்ரொக் கவிதை 1915இல் சிக்காகோவின் ஓர் இதழில் அச்சானது. ஆனால் எழுதி முடித்தது 1911இல். போருக்கு மூன்று ஆண்டுகள் முன்னர். எழுதியவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அந்த வயதில் தலைமயிர் கொட்டிய நடுவயதுக்காரனின் கூச்சத்தை எழுதியிருக்கிறார். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே பாரிசில் இருந்து இலையுதிர் நாளைப் பற்றி எழுதியது 1902இல்: இப்போது வீடில்லாதவன் இனிக் கட்டப்போவதில்லை, இப்போது தனித்திருப்பவன் நெடுநாள் தனித்தே இருப்பான், விழித்திருப்பான், வாசிப்பான், நீண்ட கடிதங்கள் எழுதுவான் என்று. எந்தக் குண்டும் விழாத காலம் அது.

ஆகவே போர் இந்த நோயைப் பெரிதாக்கியது என்று சொல்லலாம், பெற்றெடுத்தது என்று சொல்ல முடியாது. முன்பே நகரம் இருந்தது. 1903இல் சிம்மல் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் பெருநகர மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நகரத்தில் ஒவ்வொரு நிமிடமும் கண்ணிலும் காதிலும் மோதுகிறவற்றிலிருந்து தப்ப மனிதன் ஓர் அலட்சியத்தை வளர்த்துக்கொள்கிறான் என்பது அதன் சாரம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் மாலை ஐந்தரைக்கு ஏறினால் எல்லோர் முகத்திலும் இருப்பது அதுதான். பக்கத்தில் இருப்பவரின் முழங்கை நம் விலாவில், ஆனாலும் அவர் அங்கே இல்லை.

சொற்களைப் பற்றியும் பேசவேண்டும். பயத்துக்கு ஒரு பொருள் உண்டு. நாய், பரீட்சை, கடன்காரர். பதற்றத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று 1844இல் டென்மார்க் மெய்யியலாளர் கீர்க்ககோர் சொன்னார், பின்னால் ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். நம் மனநலக் கையேடுகளில் பதகளிப்பு என்று வரும். எனக்குப் பிடித்தது வேறு சொல். எங்கள் அம்மம்மா, இருட்டியும் மாடு பட்டிக்குத் திரும்பவில்லை என்றால் “அந்தரமாக இருக்கிறது” என்பார். மாடு வந்த பிறகும் சில நாட்களில் அதையே சொல்வார். “மாடுதான் வந்துவிட்டதே அம்மம்மா” என்றால், “அது வந்துவிட்டது, அந்தரம் போகவில்லை” என்பார். நிலத்துக்கும் வானத்துக்கும் நடுவே தொங்குவது அந்தரம். எலியட்டைப் படிக்காத என் அம்மம்மாவிடம் அந்தச் சொல் இருந்தது. மூன்றாம்மாடித் தம்பி, இரவல் வாங்கினோமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

கடற்காகம் (திங்கள், பகல் 12.40)

அம்மம்மா இருக்கட்டும் ரீச்சர், குறுந்தொகை இருக்கிறதே. ஆறாம் பாட்டு, பதுமனார் பாடியது:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமுந் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே

உலகம் முழுவதும் தூங்குகிறது, நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. ஔவையார் இன்னும் மேலே போகிறார். இருபத்தெட்டாம் பாட்டில், முட்டுவேனா, தாக்குவேனா, ஓவென்று கூவுவேனா, என் நோய் தெரியாமல் தூங்குகிற இந்த ஊரை என்ன செய்வேன் என்கிறார். இதைவிடப் பெரிய நரம்புத் தளர்ச்சி ‘பாழ்நிலத்தில்’ எங்கே இருக்கிறது? ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் எல்லாம் இருந்தது.

அல்லிக்குளம் (திங்கள், மாலை 4.50)

எல்லாம் இருந்தது என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு அந்தரம் வந்துவிடுகிறது, கடற்காகம்.

குறுந்தொகைப் பெண் யாரிடம் சொல்கிறாள்? தோழியிடம். பாட்டில் தோழி வாய் திறக்காவிட்டாலும் பக்கத்தில் இருக்கிறாள் என்பது மரபு. கேட்கிறவளுக்குத் திணை தெரியும், துறை தெரியும், இந்த நோய்க்கு மருந்து யார் என்பதும் தெரியும். ஊர் தூங்கலாம், இலக்கணம் தூங்குவதில்லை. புரூஃப்ரொக் “வா, போகலாம், நீயும் நானும்” என்று தொடங்குகிறான். யார் அந்த ‘நீ’? நூறு ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். அவனே தனக்குச் சொல்லிக்கொள்கிறான் என்பவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த வேறுபாடு இதுதான்: துயரம் புதிதல்ல, தோழி காணாமல் போனதுதான் புதிது.

நம் மொழியில் அதைக் கச்சிதமாகப் பிடித்தவர் நகுலன். திருவனந்தபுரத்தில் தனியாக இருந்தவர். ராமச்சந்திரனா என்று கேட்டேன், ராமச்சந்திரன் என்றார், எந்த ராமச்சந்திரன் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. இவ்வளவுதான் கவிதை. நினைவிலிருந்து சொல்கிறேன், வரியொழுங்கு பிசகியிருந்தால் மன்னியுங்கள். இரண்டு பேர் சந்திக்கிறார்கள், ஒரு பெயரும் பரிமாறப்படுகிறது, ஆனால் சந்திப்பு நடக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை நினைவுக்கு வரவில்லையா?

வடைத்தட்டு (திங்கள், மாலை 5.48)

வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். எஸ்ரா பவுண்ட் 1913இல் பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தைப் பற்றி இரண்டு வரிக் கவிதை எழுதினார் அல்லவா, கூட்டத்தில் தோன்றும் முகங்கள் ஈரக் கிளையில் ஒட்டிய இதழ்கள் என்று. இங்கே இதழ் எதுவும் தென்படவில்லை. ஒருவர் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைக்கிறார். கடல் மட்டும் அழகாக இருக்கிறது.

ஏழாம்அறை (திங்கள், இரவு 11.30)

தோழி காணாமல் போனாள் என்று ரீச்சர் எழுதியதைப் படித்தேன். நல்ல வரி. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பதற்றத்துக்குப் பொருள் இல்லை என்ற இலக்கணத்தை எங்களுக்கு அப்படியே போட முடியாது.

2006, 2007இல் நான் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தேன். வெளிநாடு போவதற்காகக் காத்திருந்த எத்தனையோ பேரில் ஒருவன். அறை எண் ஏழு. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் போன ஆண்டின் நாட்காட்டி. தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குவேன். சட்டைப் பையில் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கதவு தட்டப்பட்டால் இருட்டில் சட்டையைத் தேட நேரமிராது. படியில் காலடி கேட்டால் எண்ணுவேன். பத்தாவது படியில் நின்றால் கீழ் அறைக்காரர். பதினெட்டுக்கு வந்தால் எங்கள் மாடி. பதினெட்டு வந்த பிறகு என் கதவுக்கு இன்னும் ஐந்து அடி. என்னால் இன்றும் எந்தக் கட்டடத்திலும் படிகளை எண்ணாமல் ஏற முடியாது.

2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. நான் அந்த 376 பேரில் இல்லை. எங்கள் மாடிவரை அன்று காலடி வரவில்லை. ஆனால் காலடி வராத இரவுகளில்தான் அதிகமாக எண்ணினேன்.

எனவே சொல்கிறேன்: எலியட்டின் சாவி உள்ளே இருப்பவன் நினைப்பது. நம் கவிதையில் சாவி வெளியே இருப்பவன் கையில். யாழ்ப்பாணத்துக் கவிஞர் சிவரமணி, போர்க்கால இரவின் நெருக்குதல் குழந்தைகளை வளர்ந்தவர்களாக்கிவிடும் என்று எழுதினார். 1991இல், இருபத்து மூன்று வயதுக்குள், தன் கவிதைகளில் கைக்கெட்டியவற்றை எரித்துவிட்டு இறந்துபோனார். அவருடைய அச்சத்தை எந்த மெய்யியல் புத்தகத்தின் எந்த அத்தியாயத்தில் வைப்பீர்கள்? 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ என்ற ஈழத்துக் கவிதைத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். அந்தத் தலைப்பில் மூட்டம் எதுவும் இல்லை, செய்தி வாசிப்பதைப் போல இருக்கிறது.

மூன்றாம்மாடி (திங்கள், இரவு 11.55)

ஏழாம்அறை அண்ணா, இதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் பூட்டைப் பற்றி எழுதியது இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஏழாம்அறை (செவ்வாய், அதிகாலை 12.10)

கூச்சப்பட ஒன்றும் இல்லை தம்பி. உங்கள் பூட்டு உங்களுடையது. என்னிடம் இரண்டும் இருந்தன, அதுதான் உண்மை. லொட்ஜில் இருந்தபோது படிகளுக்குப் பயந்தேன். பிறகு போக வேண்டிய நாட்டுக்குப் போய், யாரும் தட்டாத கதவுக்குள் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அங்கே எண்ணுவதற்குக் காலடியும் இல்லை. ரீச்சர் சொன்ன ரில்கேயின் வரிகளை அங்கேதான் ஒரு பழைய புத்தகக் கடையில் கண்டேன், நீண்ட கடிதங்கள் எழுதுவான் என்ற வரியைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதேன். எது பெரிய துன்பம் என்று தராசில் போடவேண்டாம். நான் சொன்னது, இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கவேண்டாம் என்பது மட்டும்.

பழையமணிக்கூடு (செவ்வாய், காலை 5.40)

விடிய முன்னரே எழும்பிப் படித்தேன். ஆறு பேர் இருந்த எங்கள் அறையில் ஒருவர் பேசவே மாட்டார். மட்டக்களப்புக்காரர். வெளியே விறாந்தையில் நின்று இரவெல்லாம் சுருட்டுப் பிடிப்பார். அவருக்கு ‘ஊமை’ என்று பட்டம் வைத்தோம், முற்போக்காளர்கள் ஐந்து பேரும் சேர்ந்து. நேற்று இரவு அவர் நினைவாகவே இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கடற்காகம் (செவ்வாய், காலை 9.25)

கனமாகிவிட்டது, நான் ஓர் ஊர்க்கதை சொல்கிறேன். நவீன கவிதையின் தனிமைக்கு லண்டன் வரை போகவேண்டியதில்லை, வெள்ளவத்தைக் கடலோரத்து மரீன் டிரைவ் வரை நடந்தால் போதும்.

கவிஞர் பாப்லோ நெரூடா வெள்ளவத்தையில் வாழ்ந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1929இல் சிலி நாட்டின் தூதரகப் பிரதிநிதியாக ரங்கூன் பக்கமிருந்து கொழும்புக்கு வந்தார். வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. கடலோரத்தில் ஒரு சிறு பங்களா, படைவீரனைப் போல மடக்குக் கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நாய், ஒரு கீரிப்பிள்ளை. கீரிக்குக் கிரியா என்று பெயர். லயனல் வென்ட் போன்ற கொழும்புக் கலைஞர்களின் பழக்கம் இருந்தாலும், தன் நினைவுக் குறிப்பில் அவர் சொல்வது: உண்மையான தனிமை என்னவென்று வெள்ளவத்தையில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் இரவுதோறும் விருந்துக் கோட்டு அணிகிற ஆங்கிலேயர், மறுபக்கம் எட்டவே முடியாத உள்ளூர் மக்கள், நடுவில் தனிமையைத் தவிர வேறு வழியில்லை என்கிறார். 1933இல் வந்த ‘பூமியில் உறைவிடம்’ தொகுப்பின் இருளும் ஈரமும் அந்தக் கீழை நாட்டு ஆண்டுகளில் ஊறியவை. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், 1971இல்.

நான் பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தை. தமிழ்ச் சங்கம், கோயில், மாவரைக்கும் கடை, முழம் போட்டுப் பூ விற்கும் ஆச்சி, எல்லாம் கைக்கெட்டும் தூரம். இங்கேயா ஒருவன் உலகத்திலேயே பெரிய தனிமையைக் கண்டான் என்று எனக்கு ஒரு பெருமை. சிரிக்காதீர்கள்.

வடைத்தட்டு (செவ்வாய், காலை 9.31)

கீரிப்பிள்ளைக்கு வாடகை அறை கொடுத்தார்களா? எனக்குப் பூனை வைத்திருந்தாலே வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார்.

தேயிலைச்சாயம் (செவ்வாய், பகல் 1.15)

கடற்காகம் அண்ணா, அதே புத்தகத்தில் அதே வெள்ளவத்தை வீட்டைப் பற்றி இன்னொரு பக்கம் இருக்கிறது. நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள். தெரியாமல் விட்டீர்களா என்று கேட்கவில்லை.

வீட்டின் பின்புறம் வாளிக் கக்கூசு. ஒவ்வொரு காலையும் வாளி சுத்தமாக இருக்கும். அது எப்படிச் சுத்தமாகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் வழக்கத்தை விட முன்னதாக எழுந்தபோதுதான் பார்க்கிறார். ஒரு பெண் வருகிறாள். தமிழ்ப் பெண், தாழ்த்தப்பட்ட சாதி என்று அவரே எழுதுகிறார். அவளைச் சிலை என்கிறார், அரசி என்கிறார். கூப்பிடுகிறார், அவள் திரும்பவில்லை. அவள் வரும் வழியில் பட்டும் பழமும் வைக்கிறார், அவள் எடுக்கவில்லை. ஒரு காலையில் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போகிறார். அவள் கண்ணைத் திறந்தபடி அசையாமல் இருந்தாள் என்றும், அவள் தன்னை வெறுத்தது சரிதான் என்றும் எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். புத்தகம் அவர் இறந்த பிறகு 1974இல் வெளிவந்தது. சிலியில் 2018இல் தலைநகர விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கப் பார்த்தபோது அங்குள்ள பெண்கள் இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். எங்கள் அப்பாயியின் தங்கை குடும்பம் கொழும்பில் நகரசுத்தி வேலைக்கு வந்த குடும்பம். மூன்று தலைமுறை. இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது என்னால் அந்தத் தனிமையை ரசிக்க முடியவில்லை. அவர் எழுதிய வேறெதையும் விட ஒரு விவரம் என்னைப் பிடித்துக்கொண்டது. வாளி தானாகச் சுத்தமாகிறது என்று ஒருவரால் எத்தனையோ நாள் வாழ முடிந்திருக்கிறது. அந்த வீட்டுக்குத் தினமும் ஒரு மனுஷி வந்து போயிருக்கிறாள். “உண்மையான தனிமை” என்று அவர் எண்ணிய கணக்கில் அவள் இல்லை.

லண்டன் பாலத்துக் கூட்டத்தையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். செத்தவர்கள் போலப் போகிறார்கள் என்கிறார் கவிஞர். அவர்களில் எவரையாவது நிறுத்திக் கேட்டாரா?

கடற்காகம் (செவ்வாய், பகல் 2.40)

தெரிந்துதான் விட்டேன். ஊர்ப்பெருமை கெட்டுவிடும் என்று விட்டேன். மன்னியுங்கள் தங்கச்சி.

பழையமணிக்கூடு (செவ்வாய், மாலை 3.30)

பிள்ளை எழுதியது சரி. ஆனாலும் ஒரு வார்த்தை. அதை அவரே எழுதாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது. ஒப்புக்கொண்டதற்கு ஒரு மதிப்பெண்ணாவது...

தேயிலைச்சாயம் (செவ்வாய், மாலை 3.52)

ஐயா, மதிப்பெண் போடுவதற்கு அவளிடம் பேப்பரைக் கொடுத்தார்களா?

மட்டுறுத்துநர் (செவ்வாய், மாலை 6.00)

இடையில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒரு கவிஞரை இனி வாசிக்கலாமா கூடாதா என்ற வாக்கெடுப்பை இங்கே நடத்தவேண்டாம். இழைத் தலைப்புக்குள் தொடருங்கள்.

ஏழாம்அறை (செவ்வாய், இரவு 10.20)

தலைப்புக்குள்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன். தேயிலைச்சாயம், நீங்கள் சொன்னது என்னைத் திருப்பி அடித்தது. லொட்ஜில் பதினெட்டுப் படிகளை எண்ணினேன் என்றேன். அந்தப் படிகளை ஒவ்வொரு காலையும் ஈரத்துணியால் துடைக்க ஓர் அம்மா வருவார். அவருடைய காலடியை நான் எண்ணியதே இல்லை. பயம் தராத காலடி காதில் விழவில்லை.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். அப்படியானால் தனிமையை எழுதுவதே பொய்யா? அந்த அறையில் நான் தனியாக இருந்தது உண்மை. துடைக்க வந்த அம்மாவோடு பேசியிருந்தாலும் இரவு பன்னிரண்டுக்கு நான் தனியாகத்தான் இருந்திருப்பேன்.

தேயிலைச்சாயம் (புதன், காலை 7.05)

பொய் என்று நான் சொல்லவில்லை அண்ணா. நானும் இராஜகிரியவில் ஓர் அனெக்ஸில் தனியாகத்தான் இருக்கிறேன், இரவு பன்னிரண்டு எனக்கும் வரும். வாசிக்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாசித்ததால்தான் எழுதுகிறேன். தனிமையை எழுதுகிற கவிதை, தன் அறைக்குள் யார் யார் வந்து போனார்கள் என்பதை மறைத்தால் அதில் ஒரு கள்ளக் கணக்கு இருக்கிறது என்பதுதான் என் வழக்கு. நகுலனிடம் அந்தக் கள்ளம் இல்லை. “நான் கேட்கவில்லை” என்று தன் குறையையும் கணக்கில் எழுதிவிடுகிறார். அதனால்தான் அந்தச் சிறிய கவிதை எனக்கு ‘பாழ்நிலத்தை’ விடப் பெரிதாகத் தெரிகிறது. ரீச்சர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அல்லிக்குளம் (புதன், மாலை 5.15)

கோபிக்கவில்லை, ஆனால் எலியட்டுக்காக ஒரு சிறு சாட்சி சொல்ல விடுங்கள். தம்பி முதலில் சொன்ன அந்தச் சாவி வரிகள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். எலியட் எடுத்தாளும் பிருகதாரண்யக உபநிடதக் கதைக்குள். பிரஜாபதி ‘த’ என்ற ஓர் எழுத்தை மூன்று கூட்டத்துக்குச் சொல்கிறார். தேவர்கள் அதை அடங்குங்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள், மனிதர்கள் கொடுங்கள் என்று, அசுரர்கள் இரக்கம் கொள்ளுங்கள் என்று. ஒரே இடி முழக்கம், மூன்று காதுகள். எலியட் சாவியையும் சிறையையும் வைத்திருப்பது இரக்கம் கொள்ளுங்கள் என்ற சொல்லுக்குக் கீழே. அதாவது அசுரர்களுக்கான சொல்லுக்குக் கீழே. தெரிந்தே செய்தாரா என்று வாதாடலாம். எனக்கு வகுப்பில் இத்தனை ஆண்டுகள் தோன்றாதது, தேயிலைச்சாயத்தின் பதிவைப் படித்த பிறகுதான் தோன்றியது: தனியறையில் பூட்டிக்கொண்டிருப்பவன் பாவப்பட்டவன் என்றே படித்தேன். அவனை அசுரர் வரிசையில் நிறுத்தி, உனக்கு வேண்டியது இரக்கம் பெறுவது அல்ல, கொள்வது என்று அந்த இடி சொல்கிறதோ?

பழையமணிக்கூடு (புதன், இரவு 8.10)

உபநிடதத்தை வைத்து எலியட்டை முற்போக்காளர் ஆக்கிவிட்டீர்கள் ரீச்சர். எங்கள் காலத்தில் இதற்கு இரண்டு வாரம் கூட்டம் நடந்திருக்கும். நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறேன். எழுத்து சிறியது, கண்ணாடி மாற்றவேண்டும்.

மூன்றாம்மாடி (சனி, காலை 8.30)

நான்கு நாட்கள் எழுதவில்லை, ஆனால் எல்லாவற்றையும் படித்தேன்.

எங்கள் மாடியில் குப்பைப் பைகளைக் காலை ஐந்தே முக்காலுக்கு ஒருவர் எடுத்துப் போவார். இந்த அறைக்கு வந்து பதினான்கு மாதங்கள். பை காணாமல் போகும், அவ்வளவுதான் தெரியும். இன்று விடுமுறை என்றாலும் ஐந்தரைக்கு எழுந்து கதவைத் திறந்துவைத்தேன். வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. கையில் பச்சை றப்பர் கையுறை, ஒன்றில் பெருவிரல் கிழிந்திருந்தது. வணக்கம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். “நேரமில்லை, இன்னும் இரண்டு மாடி இருக்கிறது” என்றார். பேர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்: “தம்பி, நீங்கள் பையைக் கட்டாமல் வைக்கிறீர்கள். பூனை இழுத்துப் படியெல்லாம் பரப்புகிறது. ஒவ்வொரு நாளும் நான்தான் பொறுக்குகிறேன். கட்டி வையுங்கள்.”

படி இறங்கிப் போய்விட்டார்.

தேயிலைச்சாயம் (சனி, காலை 8.44)

கட்டினீர்களா?

மூன்றாம்மாடி (சனி, காலை 8.47)

இரட்டை முடிச்சு.

வடைத்தட்டு (சனி, காலை 9.02)

அது என் பூனையாக இருக்கலாம். எந்த ஒழுங்கை நீங்கள்?